தடுத்தவன் காத்த ஏடுகள்

சவ்வாது மலைக்குத் தெற்கே, பழைய செங்கம் வட்டத்தில், எடுத்தனூர் என்றோர் ஊர். அங்கே கண்டெடுக்கப்பட்ட நடுகல் ஒன்று, முதலாம் மகேந்திரவர்மன் காலத்தது. ஏழாம் நூற்றாண்டுக் கல். எருமை மந்தையைக் கவர வந்த கள்வரை எதிர்த்து நின்று மாண்டான் கருந்தேவகத்தி என்பான். அவனுக்குக் கல் நட்டவர்கள் அவன் நாயையும் மறந்தாரில்லை. கோவிவன் அதன் பெயர்; கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என எழுதி, அதன் உருவத்தையும் செதுக்கி வைத்தனர்.

ஆயிரத்து நானூறு ஆண்டுகள் உருண்டோடிவிட்டன. நாயின் பெயர் நிற்கிறது! ஆனால், நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் இதே மலைச்சாரலில் கைக்குக் கை மாறிய அச்சுத் தாள்களில் ஒன்றையேனும் காட்டுங்கள் என்று கேட்டுப் பாருங்கள். காட்டுவார் இல்லை.

கேட்டுப் பார்த்தவன் நான். ஜமுனாமரத்தூர்ப் பக்கம் பள்ளியில் வரலாறு கற்பிக்கிறேன். மலையிலிருந்து இறங்கும் வழியில் உள்ள ஊரொன்றில் எனக்குப் பழக்கமான பெரியவர் ஒருவர் உண்டு. பண்ணைக் கூலியாக வாழ்வைத் தொடங்கியவர். 1980ஆம் ஆண்டு ஆகஸ்டில் திருப்பத்தூரில் காவல் துறையினர் வெடிகுண்டுக்கு இரையாயினர். அதன்பின் வடாற்காடு, தருமபுரி மாவட்டங்களில் நக்சலைட்டு இயக்கத்தாரைத் தேடி வேட்டை நடந்தது. பலர் மோதலில் மாண்டதாக அறிவிக்கப்பட்டது. அந்நாளில் பெரியவர் வீட்டுக் கூரைச் செருகலில் துண்டறிக்கைகள் கட்டாக இருந்தனவாம்.

"ராவோடு ராவாக அடுப்பிலே போட்டுவிட்டோம், வாத்தியாரே! காகிதம் கண்ணில் பட்டால் ஆளையே கொண்டுபோய்விடுவார்கள் என்று பயம்."

"அதில் என்ன எழுதியிருந்தது ஐயா?"

"கூலி பற்றி இருந்தது. வட்டி பற்றி இருந்தது. டீக்கடையில் எங்களுக்குத் தனிக் குவளை வைத்தது பற்றி இருந்தது. மற்றது மறந்துபோச்சு."

மறந்துபோன அந்த 'மற்றது' கொலைக்கு அழைப்பாகவும் இருந்திருக்கலாம். அதற்காக வாதாட நான் வரவில்லை. தனி மனிதனைக் கொன்று சமுதாயத்தைத் திருத்திவிடலாம் என்னும் கொள்கை நம் கொள்கையன்று. ஆனால் இரட்டைக் குவளையை எதிர்த்து எழுதிய வரி எது, இரத்தம் கேட்டு எழுதிய வரி எது, இரண்டும் ஒரே தாளில் எப்படி வந்து சேர்ந்தன என்று நாளை என் மாணவன் கேட்டால், எதைக் காட்டி விளக்குவேன்? சாம்பலையா?

இந்தக் கேள்வியோடு பழைய தடை வரலாற்றைப் புரட்டலானேன். புரட்டப் புரட்ட ஒரு வேடிக்கை விளங்கிற்று. தீவிரம் என்று முத்திரை குத்தப்பட்ட ஏடுகளைப் பெரும்பாலும் விரும்பிப் படித்தவன் இழந்துவிட்டான். தடுத்தவன் காத்து வைத்திருக்கிறான்!

முதலில் 'தீவிரம்' என்ற சொல்லைப் பார்ப்போம். 1907இல் சூரத்தில் காங்கிரசு பிளவுண்டபோது ஒரு சாரார் மிதவாதிகள், மறு சாரார் தீவிரவாதிகள். வ.உ.சிதம்பரனார் தீவிரவாதி, 1908இல் இரட்டை ஆயுள் தண்டனை. சுப்பிரமணிய பாரதியார் தீவிரவாதி. அதே ஆண்டில் 'இந்தியா' இதழின் சட்டப்படியான ஆசிரியர் சிறைப்பட, பாரதியார் புதுவைக்குச் செல்ல, இதழும் பின்தொடர்ந்து சென்றது. 1928இல் பர்மா அரசாங்கம் அவர் பாடல்களுக்குத் தடை போட்டது. சென்னை அரசாங்கம் அதனைப் பின்பற்றிப் புத்தகங்களைப் பறிமுதல் செய்தது. 1949இல் அதே சென்னை அரசாங்கம் அந்தப் பாடல்களின் உரிமையை விலை கொடுத்து வாங்கிப் பொதுவுடைமை ஆக்கியது! இடையில் இருபத்தொரு ஆண்டுகள்தாம். பாடல் மாறவில்லை, நாற்காலியில் அமர்ந்தவர் மாறினார். ஆகவே, தீவிரம் என்ற முத்திரை ஏட்டின் குணத்தைச் சொல்வதைவிட, குத்தியவன் கொண்ட அச்சத்தையே மிகுதியும் சொல்லும்.

அச்சம் கொண்டவன் என்ன செய்வான்? கணக்கு எழுதி வைப்பான். வெள்ளையன் எழுதினான்! 1867ஆம் ஆண்டின் அச்சகம், நூல் பதிவுச் சட்டம் அச்சாகும் ஒவ்வொரு நூலின் படியையும் அரசாங்கத்திடம் ஒப்படைக்கச் செய்தது. காலாண்டுக்கொரு முறை நூற்பட்டியல் வெளிவந்தது. இதழ்களைப் படிப்பதற்கென்றே மொழிபெயர்ப்பாளர்களை அமர்த்தினான். தமிழிலும் தெலுங்கிலும் எவன் எதை எழுதினான் என்பதை ஆங்கிலத்தில் சுருக்கி, வாரந்தோறும் மேலிடத்துக்கு மறைவாக அறிக்கை வைத்தார்கள் அவர்கள். மிக மறைவானவை தலைமைச் செயலகத்துச் சார்புச் செயலாளரின் பெட்டகத்துக்குள் புகுந்தன. இன்று எழும்பூரில் 1909இல் எழுந்த ஆவணக் காப்பகத்தில் ஆய்வாளர்கள் தேடிப் படிக்கும் பெட்டகக் கோப்புகள் இவைதாம். தடை செய்யப்பட்ட நூல்களில் ஒரு பகுதி கடல் கடந்து இலண்டனிலும் குவிந்தது. இந்திய அலுவலக நூலகத்திலும் பிரிட்டிஷ் நூலகத்திலும் உள்ள தடை நூல்களுக்கு 1985இல் தனிப்பட்டியலே வெளியாயிற்று. அதற்கு முன்பே, 1974இல், நார்மன் ஜெரால்டு பாரியர் என்னும் அமெரிக்கர் இந்தத் தடை வரலாற்றைத் தனி நூலாக எழுதிவிட்டார்.

ஒற்றன் நூலகரான கதை இது. அவனுக்கு நன்றி சொல்ல வேண்டுமா? வேண்டா. அவன் காத்தது நமக்காக அன்று; நம்மைச் சிறையில் தள்ளுவதற்காக. மேலும், அவன் காத்ததில் ஒரு பெருங்குறை உண்டு. ஒரே ஒரு கடிதத்தைக் கொண்டு அதனை விளக்கலாம்.

1911 சூன் 17. மணியாச்சி இரயில் நிலையம். திருநெல்வேலி ஆட்சியர் ஆஷைச் சுட்டுக் கொன்று, தானும் சுட்டுக்கொண்டு இறந்தான் வாஞ்சிநாதன். அவன் சட்டைப் பையில் ஒரு கடிதம். தொடர்ந்த சதி வழக்கில் இரண்டு துண்டறிக்கைகள் சான்றாக வைக்கப்பட்டன. பரங்கியரை அழிக்கும் அச்சகம் என்று பொருள்பட ஒரு பொய்ப் பெயரில் அச்சானவை அவை. ஒன்று ஆரியருக்கு அறிவுரை. மற்றொன்று இரகசிய சங்கத்தில் சேர்வோர் எடுக்க வேண்டிய உறுதிமொழி. வழக்குச் சான்றாகத் தைத்து வைக்கப்பட்டதால்தான் இவை பிழைத்தன. வைத்திருந்த மற்றவர்கள் வைத்திருப்பதாகச் சொல்லத் துணிவார்களா?

வாஞ்சியின் கடிதம் நாட்டு விடுதலையை மட்டும் பேசவில்லை. மிலேச்சன் வந்து சனாதன தருமத்தைக் காலில் மிதிக்கிறான் என்று பொங்குகிறது. மாட்டிறைச்சி உண்ணும் ஒருவனுக்கு இந்த மண்ணில் முடிசூட்டு விழாவா என்று சீறுகிறது. முடிசூட வந்த மன்னரின் பெயரை அவன் தமிழில் எழுதியபோது 'பஞ்சமன்' என்று எழுதினான். ஐந்தாமவன் என்றும் பொருள் கொள்ளலாம். தீண்டப்படாதவன் என்றும் பொருள் கொள்ளலாம். எந்தப் பொருளில் எழுதினான் என்று இன்றளவும் வழக்கு நடக்கிறது, அறிஞர்களிடையே. நடக்கட்டும்! வழக்கு நடப்பதற்கே அந்தத் தமிழ்ச் சொல் கைக்குக் கிடைத்ததுதான் காரணம். ஆங்கிலத்தில் பெயர்த்தால் 'ஐந்தாம் ஜார்ஜ்' என்று நின்றுவிடும். பஞ்சமன் என்ற சொல்லில் உறங்கும் நஞ்சோ, நஞ்சின்மையோ, இரண்டுமே காணாமற்போகும். மொழிபெயர்ப்பாளரின் வார அறிக்கைகளில் மட்டுமே உயிர் வாழும் தமிழ் இதழ்கள் எத்தனையோ! அவற்றின் சொற்களை நாம் இனிக் கேட்க முடியாது. கேட்பதெல்லாம் ஓர் எழுத்தர் காதில் விழுந்து, ஆங்கிலத்தில் எதிரொலித்த ஓசை.

தோழர்களே, இங்கே சற்று நின்று எண்ணிப் பாருங்கள். அந்தக் கடிதம் அன்றே எரிந்து போயிருந்தால், மணியாச்சிக் கதையில் வீரம் மட்டும் எஞ்சியிருக்கும், வருணாசிரமம் மறைந்திருக்கும். சீர்திருத்தக்காரர்களாகிய நமக்கு அந்தக் கடிதம் பிழைத்தது பேருதவி. எதிரியின் ஏட்டையும் காக்க வேண்டும் என்று நான் சொல்வது பெருந்தன்மையால் அன்று, தேவையால். செருமனியிலிருந்து தப்பிய யூதர் ஆல்பிரட் வீனர் இதை நன்கு உணர்ந்தவர். 1933இல் ஆம்ஸ்டர்டாமில் அமர்ந்து, தம் இனத்தையே ஒழிக்கத் துடித்த நாஜிகளின் இதழ்களையும் துண்டறிக்கைகளையும் திரட்டினார். 1939இல் இலண்டனுக்குக் கொண்டு சென்றார். போர் முடிந்து நியூரம்பர்க்கில் வழக்கு நடந்தபோது, அந்தத் தாள்கள் சான்றளித்தன. எரித்திருந்தால்?

இனி நம் வீட்டுக் கதைக்கு வருவோம்.

1925 மே 2இல் ஈரோட்டில் பிறந்தது 'குடி அரசு'. 1933இல் அன்றைய ஆட்சிமுறை ஒழிய வேண்டும் என்று ஒரு தலையங்கம். அரச நிந்தனை வழக்கு. எழுதிய பெரியாருக்கும், வெளியிட்ட அவர் தங்கை கண்ணம்மாளுக்கும் சிறை. 1931ஆம் ஆண்டு அச்சகச் சட்டம் அப்போது வாளாகத் தொங்கிக் கொண்டிருந்தது. அச்சிடுபவனிடமும் வெளியிடுபவனிடமும் ஜாமீன் தொகை கேட்பது, பின்பு அதனைப் பறிப்பது, இதுவே அதன் வேலை. இயக்கம் என்ன செய்தது? பெயரை மாற்றிற்று. 1933 நவம்பரில் 'புரட்சி' வந்தது. அதற்கும் இடையூறு. 1934 ஆகஸ்டில் 'பகுத்தறிவு'. 1935 சனவரியில் மீண்டும் 'குடி அரசு'. ஒரே குரல், மூன்று பெயர்! 'குடி அரசு' என்ற தலைப்பில் மட்டும் தேடும் இளைஞன் ஓராண்டுக்கும் மேலாக இதழே இல்லை என்று எழுதிவிடக்கூடும். தடை ஒழிந்து தொண்ணூறு ஆண்டுகளாகியும் அதன் தழும்பு நூலகப் பட்டியலில் கிடக்கிறது.

அந்த நாளின் மற்றொரு வெளியீட்டின் கதை இன்னும் சுவையானது. 1931 மார்ச்சு 23இல் தூக்கிலிடப்பட்ட பகத்சிங் சிறையில் எழுதிய 'நான் நாத்திகன் ஏன்?' என்ற கட்டுரை, அதே ஆண்டு செப்டம்பர் 27இல் இலாகூரின் 'பீப்பிள்' இதழில் ஆங்கிலத்தில் வெளிவந்தது. அதைத் தமிழாக்கினார் ப.ஜீவானந்தம், நூலாக வெளியிட்டார் பெரியாரின் தமையனார் ஈ.வெ.கிருஷ்ணசாமி. 1935இல் இருவரும் கைதாயினர். ஜீவா கையில் விலங்கோடு தெருவில் நடத்திச் செல்லப்பட்டார். பொதுவுடைமைக் கட்சி 1934இலேயே தடை செய்யப்பட்டிருந்த காலம். இயக்கத்தையும் நசுக்கிவிடுவார்களோ என்ற கவலை. பெரியாரின் சொற்படி இருவரும் மன்னிப்பு எழுதிக் கொடுத்து வெளிவந்தனர். ஜீவாவின் மனத்தில் அது முள்ளாகத் தைத்தது. பிரிவுக்கு அதுவும் ஒரு காரணமாயிற்று. ஒரு சிறு நூல், ஒரு நட்பையே விலை கேட்டது!

ஆனால் அந்த நூலின் சொற்கள் பிழைத்தன. மூலத்துக்கு நேர்ந்த கதியைக் கேளுங்கள். இணையத்தில் பகத்சிங்கின் ஆங்கிலம் என்று பலர் எடுத்தாளும் ஒரு வாசகம் அவர் எழுதியதே அன்று. பஞ்சாபி வழியாக உருதுவுக்குச் சென்று, உருதுவிலிருந்து மீண்டும் ஆங்கிலமாகித் திரும்பி வந்தது அது! இலாகூர் இதழின் பழைய பிரதி நூலகத்தில் உறங்க, மறுபெயர்ப்பு மூலமாகி ஊர்வலம் வருகிறது. தடை என்பது ஏட்டை ஒழிப்பது அரிது. உருவைக் குலைப்பது எளிது.

வெள்ளையன் போனபின் விடிந்துவிட்டதா? 1946இல் வெளிவந்த புலவர் குழந்தையின் 'இராவண காவியம்' ஐந்து காண்டம், 57 படலம், 3100 பாட்டு கொண்ட பெருங்காப்பியம். 1948இல் ஓமந்தூரார் ஆட்சி அதனைத் தடை செய்தது. கலைஞர் ஆட்சி 1971இல் தடையை நீக்கும்வரை இருபத்து மூன்று ஆண்டுகள், அது மறைந்து வாழ்ந்த நூல். 1950இல் அண்ணாவின் 'ஆரிய மாயை' மீதும், பெரியாரின் 'பொன்மொழிகள்' மீதும் வழக்கு. இருவரும் அபராதம் கட்ட மறுத்துச் சிறை ஏகினர். யாப்பிலக்கணம் வழுவாத காப்பியமும் தீவிர வெளியீடு. மேடைப் பேச்சின் நடையில் வந்த சிறு நூலும் தீவிர வெளியீடு!

வடக்கிலும் அதே கதைதான். பெரியாரின் இராமாயண ஆராய்ச்சி 1959இல் ஆங்கிலமாயிற்று. 1968இல் 'சச்சி இராமாயண்' என இந்தியும் ஆயிற்று. 1969 டிசம்பரில் உத்தரப்பிரதேச அரசு பறிமுதல் ஆணை பிறப்பித்தது. வெளியிட்ட இலலாய் சிங் யாதவ் அஞ்சாமல் வழக்காடினார். 1971இல் அலகாபாத் உயர்நீதி மன்றம் ஆணையை அடித்துத் தள்ளியது. 1976இல் உச்சநீதி மன்றமும் அரசின் மேல்முறையீட்டைத் தள்ளிவிட்டது. காரணம் எளியது. ஒரு நூலைப் பறிக்க வேண்டுமானால், அதனால் என்ன கேடு, எந்த வரியால் கேடு என்று அரசு எடுத்துக் கூற வேண்டும் என்கிறது சட்டம். அரசு கூறவில்லை. ஆத்திரம் இருந்தது, காரணம் எழுதப்படவில்லை.

சரி, தடை நீங்கிவிட்டது. ஏடு படிப்பவன் கைக்கு வந்துவிட்டதா? இங்கேதான் இரண்டாவது மதில் எழுகிறது. அரசாங்கம் கட்டிய மதில் மட்டுமன்று. நாம் கட்டியதும் உண்டு. 'குடி அரசு' இதழில் வந்த பெரியார் எழுத்துகளைத் தொகுத்து வெளியிடுவது குறித்து இயக்கத்துக்குள்ளேயே பதிப்புரிமை வழக்கு மூண்டது. 2009இல் சென்னை உயர்நீதி மன்றம் வெளியீட்டுக்குத் தடை விதிக்க மறுத்தது. யார் பக்கம் நியாயம் என்று இங்கே நான் ஆராயப் போவதில்லை. வெள்ளையன் பறித்த ஏட்டுக்கு, நாமும் நீதிமன்றப் படியேறினோமே என்று வருந்துவதோடு அமைகிறேன்.

என் சொந்த அனுபவம் ஒன்று. சென்ற ஆண்டு கோடை விடுமுறையில் சென்னை சென்றேன். மலையிலிருந்து போளூருக்கு இறங்கிப் பேருந்து மாறினால், போவதற்கே ஒரு பகல். காப்பகம் ஒன்றின் வாயிலில்—பெயர் வேண்டா—விண்ணப்பம் நீட்டினேன். "ஆய்வு மாணவரா? நெறியாளர் கடிதம் எங்கே?" நான் இளங்கலைப் பட்டம் பெற்ற பள்ளி ஆசிரியன், எனக்கு நெறியாளர் ஏது? "பள்ளிக்கூடத்துக்கு இதெல்லாம் எதற்கு?" என்றார் அங்கிருந்தவர், கடுமையாக அன்று, உண்மையான வியப்போடு. அந்த வியப்புத்தான் என்னை உறுத்திற்று. ஏடு அங்கே இருக்கிறது. புழு அரிக்காமல், பூட்டிய அறையில் இருக்கிறது. யாருக்காக எழுதப்பட்டதோ அவன் பேரன் மட்டும் உள்ளே வர இயலாது! 2005ஆம் ஆண்டின் தகவல் பெறும் உரிமைச் சட்டம் இருபது ஆண்டுகள் கடந்த நிகழ்வுகள் பற்றிய செய்திகளை, சில விலக்குகள் நீங்கலாக, கேட்பவர்க்குத் தர வேண்டும் என்று 8ஆம் பிரிவின் 3ஆம் உட்பிரிவில் சொல்கிறது. சட்டம் திறந்த கதவை வழக்கம் சாத்தி வைத்திருக்கிறது.

கதவைத் திறந்து வைத்தவர் இல்லாமலும் இல்லை. செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்பார், விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக இருந்தவர், பட்டமும் பதவியும் இல்லாதவர், பழைய நூல், இதழ், நாடக நோட்டீசு, திருமண அழைப்பு என எதையும் தள்ளாமல் வாழ்நாளெல்லாம் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபின் சிகாகோப் பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கிற்று. வாங்கியும் கப்பலேற்றவில்லை, 1994இல் சென்னையிலேயே அவர் பெயரால் ஆராய்ச்சி நூலகம் எழுந்தது. அரசின் தமிழ் இணையக் கல்விக்கழகமும் பழைய நூல்களையும் இதழ்களையும் பக்கம் பக்கமாகப் படமெடுத்து யாரும் காண மின்னூலகத்தில் இட்டு வருகிறது. மலையில் தொடர்பு கிடைக்கும் மாலை வேளையில் அதைத் திறந்து, பழைய எழுத்துகளைப் பிள்ளைகளுக்குக் காட்டியிருக்கிறேன். பழைய 'லை'யையும் 'னை'யையும் துதிக்கையோடு கண்டு, யானை போலிருக்கிறதே என்று சிரித்தார்கள். பின்பு அவர்களாகவே படித்தார்கள்.

ஆனால் 1980இன் துண்டறிக்கை எந்தத் தொகுப்பில் இருக்கிறது? வெள்ளையன் நடத்திய சதி வழக்கின் சான்றுகள் நூறாண்டு கடந்தும் நிலைத்தன. நம் காலத்து வழக்குகளில், தீர்ப்பு முடிந்தபின் கைப்பற்றிய பொருள்களை அழித்துவிட ஆணையிடும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டு. அன்று நடைமுறையிலிருந்த 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 452ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. திருட்டுச் சாராயத்தைக் கொட்டிக் கவிழ்ப்பதும், துண்டறிக்கையை எரிப்பதும் ஒரே பிரிவின் கீழ் முடிந்துவிடும். அழிக்குமுன் ஒரு படியை ஆவணக் காப்பகத்துக்கு அனுப்ப வேண்டும் என்று விதி செய்தால் ஒரு தபால் தலைச் செலவுதான் ஆகும்.

விதி வரும்வரை காத்திருக்க நமக்குப் பொழுதில்லை. பெரியவருக்கு எண்பதை நெருங்கும் வயது. அவர் தலைமுறையினர் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கின்றனர். அவர் நினைவில் இருந்ததை அவர் சொன்ன சொல்லிலேயே எழுதி வைத்திருக்கிறேன். நான்கு பக்கம் வந்தது. திருப்பத்தூர், ஆலங்காயம், செங்கம், போளூர் வட்டாரத்துத் தோழர்கள் தத்தம் வீட்டுப் பரணில் ஒருமுறை ஏறிப் பார்க்க வேண்டுகிறேன். பழைய இதழ், மாநாட்டு நோட்டீசு, பெயர் போடாத துண்டறிக்கை, பாதி கிழிந்ததாயினும், கறையான் தின்றதாயினும், எக்கட்சியினுடையதாயினும் சரி, தள்ளாதீர்கள். கைப்பேசியில் இரு பக்கமும் படமெடுத்து, எந்த ஊரில் யார் வீட்டில் எப்படிக் கிடைத்தது என்று ஒரு வரி சேர்த்து, இவ்விதழின் அலுவலகத்துக்கு அனுப்பி வையுங்கள். தாளை மடிக்காமல் உறையிலிட்டு உங்களிடமே வைத்திருங்கள்.